இதர செலவு

கேள்வி நேரம்
கொசுவிலும் குப்பை வண்டியிலும் போய்விட்டது.
மீதி இருந்தது ஒரு தனித் தீர்மானம்.

ரிப்பன் மாளிகை மன்றத்தில்
அதிகாரிகள் வரிசைக்குப் பின்னால் நான்,
மடியில் பதினேழு கோப்புகள்.
எங்கள் மண்டலத்தில் ஜெயித்தவர், தோற்றவர்,
வாபஸ் வாங்க மறந்தவர்
எல்லோருடைய தேர்தல் செலவும்
நூல் கட்டி என் மடியில் இருந்தது.

உறுப்பினர் யூஜினா எழுந்தார்.
"யார் பணத்தில் நின்றோம் என்று
வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டுவோம்.
ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் பெயர், தொழில்,
மாநகராட்சியில் அவருக்கு என்ன ஒப்பந்தம்.
அவ்வளவுதான்."

ஒப்பந்தம் என்றதும்
பார்வையாளர் மாடத்தில் ஒருவர்
கால் மாற்றிப் போட்டார்.
மழைநீர் வடிகால்காரர்.
போன தேர்தலில் எங்கள் தெருவில்
எதிரெதிரே இரண்டு பந்தல்;
இரண்டிலும் அவருடைய நாற்காலி.

"ஏம்மா, டீக்கும் சுண்டலுக்கும் ரசீதா?"
"எனக்கு மச்சான் கொடுத்தான்.
மச்சானைச் சுவத்துல ஒட்டவா?"
"இது நம்ம அதிகாரத்துல வராது, தலைவரே.
ஆணையம் இருக்கு, அரசு இருக்கு."

யூஜினா உட்காரவில்லை.
"நாய் வளர்க்கிறவன் பேர் கேக்கிறோம்,
விலாசம் கேக்கிறோம்,
ஊசி போட்ட தேதி கேக்கிறோம்.
நம்மள யார் வளர்க்கிறாங்கன்னு கேட்டா
அதிகாரம் இல்லையா?"

மூன்று விநாடி
மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு இரு தரப்பும் ஒன்றாக எழுந்தது.
அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.
நாய் என்ற சொல்லை நீக்கக் கோரினார்கள்.
நீக்கப்பட்டது.

"இதுவரை யார் கணக்கிலாவது
தவறு கண்டதுண்டா?"
மேயரின் கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் வந்து
என்னிடம் நின்றது.
ஒலிவாங்கியை நீட்டினார்கள்.
"ஒன்று."
"எவ்வளவு?"
"நூற்றெண்பது ரூபாய்."

மன்றம் சிரித்தது. மேசைகள் தட்டப்பட்டன.
"பாத்தீங்களா, எவ்வளவு சுத்தம்!"

ஒலிவாங்கி போன பிறகு
எனக்குள் ஓடியது இது:
ஜெயித்தவர் கணக்குகள் அழகானவை.
மூன்று கட்சி, ஒரே கணினி,
துண்டறிக்கை மூன்றிலும் துன்டறிக்கை.
உச்சவரம்பில் தலை இடிக்காமல்
கொஞ்சம் குனிந்து நிற்கும் தொகைகள்.
பிரியாணி இல்லை, டோக்கன் இல்லை,
விடியற்காலை இரண்டு மணிக்குத்
தட்டப்பட்ட கதவு இல்லை.

ஓட்டேரியில் துணி தேய்க்கும் அஞ்சலாட்சி
இஸ்திரிப் பெட்டி சின்னம் கேட்டாள்.
பலாப்பழம் கொடுத்தார்கள்.
அறுபத்தொரு ஓட்டு.
சலவைச் சீட்டின் பின்பக்கத்தில்
கணக்கு எழுதி வந்தாள்:
டெபாசிட்டுக்கு ஏலச்சீட்டு எடுத்தது,
நோட்டீஸ் ஆயிரம்,
கூட வந்த பசங்களுக்கு ரோஸ்மில்க்,
மூணு நாள் பெட்டி போடாத நஷ்டம்,
நடந்து தேஞ்சு புதுச் செருப்பு, நூத்தி எண்பது.

படிவத்தில் செருப்புக்குத் தலைப்பு இல்லை.
விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.
கையெழுத்து என்னுடையது.
வந்தாள்.
"ரசீது தரலய்யா அவன்" என்று
செருப்பையே கழற்றி
மேசையில் வைக்கக் குனிந்தாள்.
வேண்டாம்மா என்றேன்.
குனிந்தவள் நிமிர்வதற்குள்
'இதர' என்று எழுதி மூடியிருக்கலாம்.
எழுதவில்லை.
தவறு என்றே எழுதினேன்.

தீர்மானம் குழுவுக்குப் போனது.
ஏழு பேர், ஆறு மாதம்.
தாழ்வாரத்தில் நெய் வடை, காபி.
யார் ஏற்பாடு என்று யாரும் கேட்கவில்லை.
நானும் இரண்டு சாப்பிட்டேன்.
மாடத்துக்காரர் இறங்கி வந்து
யூஜினாவுக்கும் ஒரு வணக்கம் வைத்தார்:
"நல்லா பேசினீங்கம்மா."

வெளியே
அரை மணி நேர மழைதான்.
சென்ட்ரல் சுரங்கப்பாதையில்
கணுக்கால் வரை தண்ணீர்.
புது வடிகால், போன மாதம்தான் திறந்தது;
கல்வெட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது,
கட்டியவர் பெயர் தவிர.

கோப்புகளைத் தலைக்கு மேல் தூக்கி
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
இறங்கினேன்.