கடைசித் திருகாணி

டெஷியில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தேன்.
மீனவனுக்கு மீன் வடிவில்,
வெங்காயம் விற்றவளுக்கு வெங்காயமாக,
லாரி ஓட்டியவருக்கு, நம்பர் பிளேட் உட்பட, லாரி.
இப்போது நீள்சதுரம் மட்டும்தான்.
ஓவியங்களுக்குப் பெட்டி அடிக்கிறேன்.
கூலி பரவாயில்லை,
அழுகைச் சத்தம் கிடையாது.

ஆனால் ஒன்று.
பழைய வேலையில் என்னிடம் வந்தவர்கள்
ஏற்கெனவே கண்மூடியவர்கள்.
இவர்கள் மூடுவதில்லை.
புக்கோமின் குத்துச்சண்டைக்காரன், கையில் கட்டுத் துணியோடு.
ரீசார்ஜ் அட்டை விற்கிற பெண், மீதிச் சில்லறை கேட்கிறவள் போல.
கறுப்புக் கண்ணாடி போட்ட பையன் ஒருவன்;
அந்த ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.
தேமா துறைமுகத்தில் சுங்க அதிகாரி
மூடியைத் திறந்துவிட்டு
'மன்னிக்கணும்' என்று மூடினாராம்.
யாரிடம் என்று அவருக்கே தெரியாது.

எல்லாம் எலிகெம் வரைந்தவை.
நுங்குவாவில், டயர்க் கடைக்கு மேலே அவன் அறை.
உடம்பை விரலாலேயே இழுப்பான்.
கழுத்து, தோள், பழுப்பின் மேல் நீலம், நீலத்தின் மேல் ஊதா,
ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.
கண்ணுக்கு மட்டும் பதினோரு நாள்.
"கண்ணில் வெள்ளை என்று ஒரு நிறமே இல்லை" என்பான்,
குடிக்க வைத்த தேநீரில் தூரிகையைக் கழுவிக்கொண்டு.

போன ஹர்மட்டான் புழுதிக் காற்றில்
தேதெய் வந்து உட்கார்ந்தாள்.
மீன் புகைபோடுகிறவள்.
மஞ்சள் சுவர், மஞ்சள் உடுப்பு, மடியில் இரண்டு கை.
கண்ணின் சிவப்பை அவன் குறைக்கவில்லை.
சட்டத்துக்கு அளவெடுக்கப் போயிருந்த நான்
நாடாவை நீட்டியபடி இருவருக்கும் நடுவே நின்றுவிட்டேன்.
அவள் பார்வை என்னைத் துளைத்துக்கொண்டு போகவில்லை,
சுற்றிக்கொண்டு போனது,
சந்தை வழியில் படுத்திருக்கும் ஆட்டைச்
சுற்றிப் போகிறவர்களைப் போல.

படம் ஆன்ட்வெர்ப் போனது.
அங்கிருந்து ஒரு தாள் வந்தது.
எலிகெம் அவள் அடுப்படிக்கே போய் வாசித்துக் காட்டினான்.
நானும் கூட இருந்தேன்.
'ஒரு கண்டத்தின் துயரம் இக்கண்களில் உறைந்திருக்கிறது.'
இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.
பிறகு தட்டை மாற்றியபடி,
"விறகு ஈரம். அதான் சிவப்பு.
அன்றைக்கு நான் பார்த்தது உன் முதுகுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தை.
நாலு மணிக்குத் தட்டு மாற்றாவிட்டால்
கீழ்வரிசை கருகிவிடும்.
கண்டத்துக்கு என்ன வந்தது?"

எலிகெம் சிரித்தான். நானும்.
அவள் சிரிக்கவில்லை.
எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.
அங்கே கடிகாரம் ஏதும் இல்லை.
விறகும் அன்று நன்றாகவே காய்ந்திருந்தது.

அந்தப் பார்வையைத்தான் இரண்டாவது படத்தில் பிடித்திருக்கிறான்.
பிடித்திருக்கிறானா?
பிடிபட்டது அவனாகவும் இருக்கலாம்.
படம் என் பட்டறையில் மல்லாந்து கிடக்கிறது.
மெழுகுத்தாள், நுரைப்பஞ்சு, மூலைக்கட்டைகள்.
மூடிக்கு மூன்று பலகை:
மடிக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று,
முகத்துக்கு உள்ளது எப்போதும் கடைசி.
பழைய வேலையில் இந்த நேரம்
உறவுக்காரர் யாராவது குனிந்து
காதோரம் ஒரு வார்த்தை சொல்வார்கள்.
நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.
என்னைத் தவிர ஒருவரும் இல்லை.
"அங்கே குளிர்" என்றேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.

அப்போது கரண்ட் போனது, தெரு முழுக்க.
திருகாணி கையிலிருந்து நழுவிற்று.
எங்கே உருண்டது என்று தெரியவில்லை.
அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரிந்தது.
தரையைத் தடவிக்கொண்டே
முழங்காலில் நகர்ந்தேன்,
அந்த வழியை மறிக்காமல்.