சன்னல் கணக்கு

டொலீடோவில் ஊரே கண்ணாடி செய்தது.
நான் உடைந்ததை மாற்றினேன்.

வலப்பக்க மதிலுக்குப் பின்னால் ஒரு தெரு,
தெருவுக்கு அப்பால் கெம்ப் சலவையகம்,
மூன்று மாடி, மாடிக்குப் பன்னிரண்டு சன்னல்.
லெமுவேல் ஸ்ட்ராடர் இந்த அணிக்கு வரும்வரை
அங்கே எனக்கு வேலையே இருந்ததில்லை.

இடக்கைக்காரன். மிச்சிகன் காட்டில் மரம் வெட்டியவன்.
மட்டையைத் தோளில் சாய்த்து நிற்பான்,
பேருந்து தாமதமானவன் போல.
பிறகு இடுப்பு ஒரே ஒரு தடவை திரும்பும்.
அவன் அடி, நானூறு அடி.
கடையில் இருந்தபடியே கேட்பேன்:
முதலில் கட்டை,
அப்புறம் இருபதாயிரம் தொண்டை,
அதற்கும் அப்புறம், சின்னதாக,
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிலீர்.
அந்த மூன்றாவது சத்தத்தில்தான்
என் மகளின் கோணல் பல் நேரானது.

மறுநாள் காலை ஓட்டிலி கெம்ப் கூப்பிடுவாள்,
ஓட்டல் விரிப்புகளில் சில்லு பொறுக்கிக்கொண்டே:
"உன் ஆள் மறுபடியும்."
என் ஆள்!
அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மைதானத்தை அவர்கள் வைரம் என்றார்கள்.
என் வைரம் கடுகளவு, பிடியின் நுனியில்.
கோடு கிழித்துத் தட்டினால் சொன்ன இடத்தில் உடையும்.
அவன் சொல்லாத இடத்தில் உடைத்தான்.

உடைக்காத நாட்களே அதிகம்.
ஆயிரத்து எண்ணூறு முறைக்கு மேல்
காற்றை வெட்டிவிட்டுத் தலை குனிந்து திரும்பியிருக்கிறான்.
அன்றெல்லாம் டப்பாவில் மக்கு இறுகிக் கிடக்கும்.
அவனைத் திட்டியிருக்கிறேன்,
வாடகை கட்டவேண்டிய வாரங்களில்.

பதினோராம் ஆண்டு கிளப்காரர்கள் புத்திசாலியானார்கள்.
கம்பிவலை பதித்த கண்ணாடி. முப்பத்தாறும்.
போட்டவன் நானே, நல்ல கூலி.
அடுத்த வாரம் அவன் அடித்தது
இரண்டாம் மாடியில் பட்டு, தொப்பென்று,
பூனை குதித்தது போலத் தெருவில் விழுந்தது.
அதன்பின் முழங்கால் போனது. பிறகு கண்.

ஏடுகளில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு ஹோம் ரன்.
ஐந்நூறுக்கு இரண்டு குறைவு, பாவம், என்கிறார்கள்.
ஒன்றுதான் குறைவு.
ஒரு ஆகஸ்ட் மாலை, மழைக்கு முன்னால்,
கம்பத்துக்கு வெளியே என்று நடுவர் கை வீசினாரே,
அந்தப் பந்து உடைத்தது மேல்மாடியில்
இடமிருந்து நான்காவது சன்னலை.
கம்பத்திலிருந்து நூல் பிடித்தால்
அந்தச் சன்னல் உள்ளே வரும், நான்கு அங்குலம்.
நூல் பிடித்துப் பார்த்தேன்.
இருபத்தெட்டுக்கு முப்பத்திரண்டு, பச்சைச் சாயல்,
தேதியோடு என் நோட்டில் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
சன்னல்காரனிடம் யார் கேட்பார்கள்?

மைதானம் இப்போது வங்கியின் கார் நிறுத்தம்.
வெண்கலத்தில் அவன் நிற்கிறான், மட்டை ஓங்கியபடி.
சிற்பி நல்லவர்தான், ஆனால் அந்தச் சோம்பல் வரவில்லை.
திறப்பு விழாவுக்குப் போனேன்.
தள்ளு நாற்காலியில் அவன், மடியில் போர்வை,
தன் சிலையை அவன் பார்க்கவில்லை,
தெருவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.
சலவையகத்தில் இப்போது குடித்தனங்கள்.
மேல்மாடிச் சன்னலில் யாரோ துளசிபோல் ஏதோ வளர்க்கிறார்கள்.

கோட்டுப் பையில் ஒரு ரசீது வைத்திருந்தேன்,
அந்த ஆகஸ்ட் கண்ணாடிக்கு.
ஃபவுல் பந்துக்குப் பணம் கிடையாது என்று
கிளப் திருப்பி அனுப்பியது.
பதினோரு டாலர் நாற்பது சென்ட்.
அவன் கையில் கொடுத்தேன்.

மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தான்.
மடித்தான்.
திருப்பித் தரவில்லை.