சொஹார், அறை பதினான்கு

அரை மணிக்கொரு தரம்
கையைப் பிடித்து இறுக்குகிறது பட்டை;
கடன்காரன்கூட இரவில் விடுவான்.

மேல்கட்டிலில் முஸம்மில், இருபத்தாறு.
அவனுக்கும் கட்டியிருக்கிறார்கள்.
குறட்டையில் ஓர் இழை அறவில்லை.

மறுநாள் நர்ஸ் ஷைனி
இரண்டு கோடுகளைத் திரையில் போட்டாள்.
அவனுடையது பதினொரு மணிக்கு
வற்றத்தில் பின்வாங்கிய கடல்;
படகெல்லாம் மணலில் சாய்ந்து கிடக்க
விடியும்வரை திரும்பவேயில்லை.
என்னுடையது
கொஞ்சம் இறங்கி, யோசித்து,
மூன்றரைக்கே ஏறத் தொடங்கிவிட்டது,
சுபுஹு பாங்குக்கும் முன்னால்.

"நோயொன்றுமில்லை சேட்டா, ஐம்பத்தெட்டு" என்றாள்,
ஐம்பத்தெட்டு ஒரு மாத்திரையின் பெயர்போல.

இருபத்தொன்பது வருஷம்
கிரேன் ஏணியில் ஏறியே பழகிய ரத்தம்;
கீழே வரச் சொன்னால்
பாதியில் நின்று துறைமுகத்தைப் பார்க்கிறது.

முஸம்மில் தன் தாளைப் படிக்காமலே கசக்கினான்.
என் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது;
மெஸ் கணக்கை அதில் எழுதினேன்.