உதறாத துப்பாக்கி

பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் எனக்கு டேட்டா.
ஹட்டன், டன்பார் வீதி, மாடி அறை.
ரவுட்டரை ஜன்னல் கம்பியில்
தலை ரிப்பனால் கட்டியிருக்கிறேன், டவர் பார்த்து.
பனி இறங்கினால் லைன் திக்கும்.
சண்டைக்கு ஓடுகிற நான்
ஒரு கால் தூக்கியபடியே நிற்பேன்,
சுடு என்று வரம் கொடுத்தவள் மாதிரி.

பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறேன்.
கன்சோல், கட்டாரிலிருந்து வந்தவர் விற்றது,
இன்னும் நாலு தவணை பாக்கி.
மைக் மூடியே இருக்கும்.
ஒரு தரம் திறந்து "ரைட்ல ஆள்" என்றதற்கு
என் கல்யாணம் வரை விசாரித்தார்கள்.
அன்றிலிருந்து ஊமை.

கள்ளர்கள் எனக்குப் புதிதில்லை.
தோற்கப்போகையில் வயரைப் பிடுங்குகிறவன்,
சுவருக்குப் பின்னால் இருப்பவளைச்
சுவரே இல்லாதது போலச் சுடுகிறவன்.
பதின்மூன்று பேர்மேல் முறைப்பாடு செய்திருக்கிறேன்.
"உங்கள் முறைப்பாட்டுக்கு நன்றி" என்று வரும்.
கிராம சேவகர் கந்தோரில்கூட
அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இவன் வேறு.
பெயர், நோ மேர்சி.
இவன் துப்பாக்கி உதறாது.
முப்பது ரவையும் ஒரே ஓட்டைக்குள்,
ஊசியில் நூல் கோர்த்த மாதிரி.
கன்ட்ரோலருக்கு நடுவில்
விரலளவு பெட்டி ஒன்று செருகினால் அப்படி வருமாம்.
மஸ்கெலியா நிலுக்ஷி எழுதினாள்:
"ரெண்டு சுவெட்டர் போட்டும் எனக்குக் கை நடுங்குது.
இவனுக்கு மட்டும் என்ன, கல்லுக் கையா?"

கொன்றுவிட்டு "ஈஸி, ஈஸி" என்பான்.
உடைகிற குரல். பதினைந்து இருக்கும்.
எந்த ஊர் என்று அதில் தெரியாது.

ஒன்று ஐம்பதுக்கு, கொழும்பிலிருந்து ஏறிவரும் நைட் மெயில்
என் ஜன்னலில் கூவிவிட்டுப் போனது.
நீளமாய் ஒன்று, அரை மூச்சில் ஒன்று.
சிங்கமலைச் சுரங்கம் அதை விழுங்கியது.
நான் இரண்டு தரம் செத்து, மூன்றாம் தரம் எழும்பியபோது
ஹெட்செட்டுக்குள், அவன் சிரிப்புக்குப் பின்னால்,
நீளமாய் ஒன்று.
அரை மூச்சில் ஒன்று.

அசையாமல் நின்றதால் மறுபடி செத்தேன்.

அடுத்த நாளும் அப்படியே, கால் மணி கழித்து.
ஸ்டேஷனுக்குக் கிட்டத் தகரக் கூரை வீடு;
மழை அவன் பக்கம் பெரிதாய் விழுந்தது.
தூக்கக் குரலில் ஒருத்தி,
"லைட்ட அமத்திட்டுப் படுடா."

நாற்பது நொடி கிளிப் கையில் இருந்தது.
பெருவிரல் பொத்தானின்மேல் இருந்தது.
மன்னிப்பெல்லாம் ஒன்றுமில்லை, நல்ல கோபம்.
ஆனாலும் அவன் கன்சோல் யாருடைய தவணையோ என்று
பில் போடுகிற மூளை ஒரு கணக்கு ஓட்டியது.

எட்டு மாதத்துக்குப் பிறகு மைக்கைத் திறந்தேன்.
"கொட்டகலையா?"

பன்னிரண்டு துப்பாக்கிகளில் ஒன்று நின்றது.
தகரத்தில் மழை.
"யாரு... யாரு நீங்க?"
"மெயில் இப்பதானே உங்க பக்கம் போச்சு. கேட்டுச்சு."
எவனோ "டேய், பொண்ணுடா" என்று தொடங்கினான்.
அவனை மியூட் செய்தேன்.
நோ மேர்சி போய்விட்டிருந்தான்.
கிளிப்பை நான் அழிக்கவில்லை.

ஒன்பது நாள் ஆளில்லை.
பத்தாம் நாள் புதுப் பெயர் ஒன்று, லெவல் ஒன்று.
மைக் திறந்திருந்தது, பேச்சில்லை.
ரயில் என்னைக் கடந்து கால் மணியில்
அந்தப் பேச்சில்லாமைக்குள் கூவியது.

படிக்கட்டில் நேருக்கு நேர் வந்தான்.
முதல் ரவை கைப்பிடியில், அடுத்தது என் தோளில்,
மிச்சமெல்லாம் மேல்கூரைக்கு.
உதறியது.
பிடிக்கத் தெரியாதவன் கையில் கோழிபோல உதறியது.
சுட்டேன். விழுந்தான்.
எழும்பி அதே படிக்கட்டுக்கு வந்தான்.
திரும்பவும் சுட்டேன்.

இரண்டு இருபதுக்குப் பனி இறங்கி லைன் திக்கியது.
ஒரு கால் தூக்கியபடி நடு முற்றத்தில் நின்றேன்.
எதிரில் அவன்.
சுடாமல் விட்டானா,
சுட்டுத் தவறினானா,
படம் அசைந்தபோது
என் பக்கத்துச் சுவரில் ஒரு புது ஓட்டை.