ஏழால் வகுத்தல்

ஆகஸ்ட் பில்: தொள்ளாயிரத்து நாற்பது திர்ஹம்.
துரைப்பாண்டி கால்குலேட்டரைத் தட்டித் தட்டித் திட்டினார்.

வெள்ளிக்கிழமை விசாரணை.
அஜ்மான் ஃபிளாட்டின் பிரேக்கர்களை
ஒவ்வொன்றாய் நான் இறக்க
வராந்தாவில் மீட்டர் முன் குந்தியிருந்த ஜக்கரியா
"இன்னும் வேகமாத்தான் கண்ணடிக்குது" என்றான்.
ஃபிரிட்ஜ் நிரபராதி.
கீசரை ஜூனிலேயே அணைத்தாயிற்று,
குழாயில் வருவதே கொதிநீர்.

உள்ளறையை இறக்கியதும்
"தூங்கிருச்சு!"

ஜெபஸ்டினின் கட்டிலடியில்
சூட்கேஸுக்குப் பின்னால்
ஒரு ரூம் ஹீட்டர்,
கம்பியில் சிவப்பு இன்னும் வடியவில்லை.
மேலே ஏசி பதினெட்டில்.
இரண்டும் மல்லுக்கட்டியிருக்கின்றன
மாதம் முழுக்க.

மீன் கிடங்கில், மைனஸ் இருபதில்
இரவு ஷிஃப்ட் நிற்பவன்
போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினான்.

தொட்டுப் பார்த்த துரைப்பாண்டி
சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார்.
பிறகு கால்குலேட்டரைத் தேடியெடுத்து
மறுபடியும்
ஏழாலேயே வகுத்தார்.