பதினாலாம் நம்பர்

பட்ட மரங்களின் பட்டியலில்
பதினாலாவதாக அதை எழுதியது நான்தான்.

தக்கலை, நகராட்சிப் பூங்கா. மாசி மாதம்.
வேளிமலையிலிருந்து இறங்கிய காற்று
ஊஞ்சல் சங்கிலிகளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.
ஓர் இலை இல்லை அதில்.
போன வருஷத்துக் காய்கள் வெடித்து
தச்சன் செதுக்கிய பூக்களைப்போல
கொப்பெல்லாம் ஒட்டியிருந்தன.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உயிருள்ளது. பட்டது.
நான் நின்றது வெயிலில்.
இரண்டாவதில் ஒரு கோடு போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

இந்தப் பக்கம் மரம் செத்தால்
பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்.
புளியமூடு, பிலாமூடு என்று
கண்டக்டர் கூப்பிடுகிற இடத்தில் இறங்கினால்
செல்போன் கடை இருக்கும்.
பூமருதுக்கு அதுகூட வாய்க்கவில்லை.
பேர் தெரிந்தவர் ஆபீசில் யாருமில்லை.
'பூங்கா மரம்' என்றே எழுதியிருந்தேன்.

ஏலத்தன்று
மார்த்தாண்டத்து மரக்கடை டென்னிசன் வந்தார்.
ஒவ்வொன்றையும் முட்டியால் தட்டி, முழம் போட்டு,
விலை சொல்லிக்கொண்டே வந்தவர்
பதினாலில் நின்றார்.
பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார்.
அடியில்
பச்சை.
கடுகளவு.

"சாரே, இது சாவல்ல.
உடுத்தத அவுத்துப் போட்டிருக்கு, அவ்வளவுதான்.
எழுதினது ஆரு?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அது இன்னும் மோசமாக இருந்தது.

அவருக்கு நல்ல தடி அது.
வாயை மூடியிருந்தால்
குளச்சல் வள்ளத்துக்குப் பலகை.
பதின்மூன்றுக்குப் பணம் கட்டிவிட்டுச் சொன்னார்:
"நல்ல மனசுண்ணு நெனைக்காண்டாம்.
பச்சயில வாள் வச்சா ஈரம் தெறிக்கும்.
சட்டையில கறை போவாது."
நம்பினேனா என்று இன்றும் தெரியவில்லை.

சித்திரையில் தளிர்.
வைகாசியில், சாரலுக்குச் சற்று முன், பூ.
தவக்காலம் முடிந்து
அச்சன் மடித்து வைத்த அங்கியை
யாரோ எடுத்து உதறியதுபோல் ஊதா.
பள்ளிவாசல் முக்கில் இருந்தே தெரிந்தது.
ஸ்கூட்டரை நிறுத்தினேன்.
பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டினான்.

திருத்தம் எழுதக் கோப்பைத் திறந்தேன்.
மூன்றாவது கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்
'அப்போது இலை இல்லை' என்று எழுதி
அழித்தேன்.

கணக்கில் அது இன்றும் பட்ட மரம்.
நான் வெள்ளைப் பெயின்டில் போட்ட 14
பட்டையோடு உரிந்து விழுகிறது,
முதலில் நாலு,
பிறகு ஒன்றின் பாதி.
காலையில் பெருக்க வரும் ஏசுவடியாள்
பூவோடு சேர்த்து அதையும் அள்ளுகிறாள்.