மைனஸ் ஆயிரத்து நானூறு

ஃபஹாஹீலில் வாரம் ஞாயிற்றுக்கிழமை பிறக்கும்.
ஏழே முக்காலுக்கே என் மேசைத் தொலைபேசி அலறும்.
வியாழன் மாலை வயரைப் பிடுங்கி
மடிக்கணினியைப் பையில் செருகிப் போனவர்கள்
எல்லோருக்கும் ஒரே வியாதி:
ஜன்னலெல்லாம் சுருங்கிப்போச்சு.
ரோவேனாவுக்குத் தபால்தலை அளவில்.
ஹானிக்கு நெட்டுக்குத்தாக, மூடுகிற பெருக்கல்குறி
திரைக்கு மேலே எங்கோ.

நான் சொல்வதும் ஒன்றுதான்.
பெரிய திரை நூறு சதவீதம், சின்னது நூற்றைம்பது.
இருபத்தேழு அங்குலத்தில் கால் நீட்டிப் படுத்தது
பதினான்கில் முழங்காலை மடக்கத்தான் வேண்டும்.
மங்காஃபில் ஆறு பேர் அறையில் என் கட்டில்
இதை எனக்கு முன்பே படித்துத் தேறியிருந்தது.

சதக்கத்துல்லா காக்காவின் புகார் வேறு மாதிரி.
காயல்பட்டினத்துக்காரர். கிடங்குக் கணக்கு. பதினெட்டு வருடம்.
"சுருங்கலை தம்பி. ஆளையே காணோம்."
ஆள் என்றா சொன்னார்?
ஆள் என்றுதான்.
அவருடைய பெரிய திரையை ஜூனில்
புதிதாய் வந்த பிளானிங் பையனுக்குக் கொடுத்திருந்தோம்.
தூக்கிப் போனவன் நான்.
மேசையில் அது நின்ற இடம் மட்டும்
இன்னும் வெளிறாத ஒரு சதுரம்.

கீழ்ப்பட்டையில் சின்னம் இருக்கிறது, அடியில் ஒரு கோடு:
உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம்.
சொடுக்கினால் ஒருமுறை மினுங்குகிறது.
திரையில் எதுவும் வரவில்லை.

எனக்குப் பிடிபட்டுவிட்டது.
பழைய செயலி; கடைசியாய் நின்ற இடத்தை
எழுதி வைத்துக்கொள்ளும் ஜாதி.
மடிக்கணினியின் இடது ஓரம் பூஜ்யம்.
பெரிய திரை அதற்கும் இடப்பக்கம் இருந்தது.
ஆகவே ஜன்னல் இப்போதும்
மைனஸ் ஆயிரத்து நானூறில் நிற்கிறது,
முழு அளவில், ஒரு புள்ளி குறையாமல்,
இல்லாத கண்ணாடிக்குப் பின்னால்.

ஆல்ட்டும் ஸ்பேஸும். பிறகு எம்.
வலது அம்புக்குறியில் ஒரே ஒரு தட்டு.
அதற்குமேல் மவுஸைச் சும்மா அசைத்தால் போதும்,
தூண்டிலில் மாட்டியதுபோல் கூடவே வரும்.

வந்தது.

நான் படித்திருக்கக் கூடாது.
எழுத்து பெரிது, அவர் கண்ணுக்கென்று வைத்தது.
மேலே மார்ச் மாதத் தேதி; வெளியே ஆகஸ்ட் கொதிக்கிறது.
பொருள்: பணி விலகல்.
மதிப்பிற்குரிய ஐயா,
என் இளைய மகளின் நிக்காஹ் முடிந்துவிட்டபடியால்,
அந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்தில்
ஐந்து மாதமாய் இமைத்துக்கொண்டிருந்தது கர்சர்.

ஹானி எங்கோ ஸ்டேப்ளர் அடித்தான்.
காக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்துத் திரும்பப் போட்டார்.
"இதுவா. சரக்கு லிஸ்ட்டுன்னுல்ல நெனச்சேன்."
பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்:
"இருந்த எடத்துலயே வச்சிர முடியுமா?"

மூடலாம். மூடினால் சேமிக்கவா என்று கேட்கும்.
ஆம், இல்லை, ரத்து.
அந்த மூன்றின் பக்கமே அவர் பார்வை போகவில்லை.
திரையில்லாத பக்கம் இழுத்தால்
மவுஸ் விளிம்பில் முட்டி நின்றுவிடும்.

ஸ்டோர் அலமாரியில் ஒன்று கிடந்தது.
பத்தொன்பது அங்குலம், மூலையில் மஞ்சள் படிந்தது.
கொண்டுவந்து இடப்பக்கம் வைத்தேன்.
வயரைச் செருகியதும் ஒரு கணம் இரண்டும் இருண்டன.
இழுத்து விட்டேன். கொஞ்சம் பிதுங்கியது. பொருந்தியது.

புகார் எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
காரணம்: திரை இன்மை.
தீர்வு: திரை வழங்கப்பட்டது.
மேலாளர் கேட்டார், கிடங்குக் கணக்குக்கு எதற்கு ரெண்டு?
ஜன்னல் சுருங்குது சார் என்றேன்.

வியாழன் மாலை ஐந்து மணி.
தளம் முழுக்க வயர் பிடுங்கும் சத்தம்.
காக்கா மட்டும் மடிக்கணினியை மேசையிலேயே விட்டுவிட்டு
கையை வீசிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார்.
சூக்கில் வாவல் மலிந்திருக்கிறதாம்.